பெரியம்மா நிறுத்திய மாத்திரை

அம்மாவுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாமல் போன வாரத்தில்தான் அந்த மாத்திரைகளைக் கண்டுபிடித்தேன். பழைய மைலோ டின்னுக்குள் அட்டை அட்டையாக, ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல் கிடந்தன. அம்மாவின் அல்சைமர் நோய்க்கு மருத்துவர் கொடுத்தவை. நான் ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போய்விட்டால் அம்மாவைப் பார்த்துக்கொள்வது பெரியம்மா. காலை மாத்திரை அவர் பொறுப்பு.

அதற்குப் பதிலாக இரண்டு மாதமாக ஒரு பொடியை வெந்நீரில் கலக்கிக் கொடுத்திருக்கிறார். எங்கள் பிளாட்டில் வீடு வீடாக வந்து விற்கும் பெண் கொடுத்ததாம். டப்பாவில் நோய் எதிர்ப்பு சக்தி என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

"டாக்டர் மருந்து சூடு. ரெண்டும் சேந்தா ஒத்துக்காதுன்னு அந்த அக்கா சொன்னாங்க," என்றார் பெரியம்மா.

அந்த அக்கா எங்கே மருத்துவம் படித்தார் என்று கத்தினேன். பெரியம்மா குரலை உயர்த்தவில்லை.

"நீதானம்மா தீபாவளிக்குச் சொன்ன, மூளையில எதிர்ப்பு சக்திதான் பிரச்சனைன்னு. படிச்ச புள்ள சொன்னா தப்பா இருக்குமா லா?"

சொன்னேன்தான். பாலம் தாண்டி அக்கரையில் உள்ள சுங்கை பாக்காப் ஊரிலிருந்து வந்திருந்த சொந்தங்களின் முன்னால், குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் என்ற மிதப்பில் சொன்னேன். மூளைக்குள் காவல் செல்கள் உண்டு, கழிவை அகற்றுவது அவற்றின் வேலை, இந்த நோயில் அவையே சிக்கல் என்றேன். முறுக்குத் தட்டு வந்தது, பேச்சு மாறிவிட்டது. அந்தச் செல்களுக்குச் சக்தி குறைவதல்ல சிக்கல், அவை அடங்காமல் கொதித்து நல்ல நரம்பையும் கெடுக்கின்றன என்ற மீதியை நான் சொல்லவே இல்லை. அவற்றை ஏவி, மூளையில் சேரும் புரதப் படிவுகளை அகற்றும் புதிய ஊசி மருந்தைக்கூட ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குத்தான், மூளை வீங்குகிறதா என்று ஸ்கேன் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள். இவர்களோ எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவதாகச் சொல்லும் பொடியைக் கரண்டியால் அள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

மருத்துவர் மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார். இழந்தது திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்.

பொடியைச் சிங்கில் கொட்டிவிட்டு, பெரியம்மாவை உட்காரவைத்து மீதியைச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

அந்த விற்பனைக்காரி இன்னும் எங்கள் லிஃப்டில்தான் ஏறி இறங்குகிறாள். இன்று காலையும் அம்மாவுக்குப் பொத்தான் போட்டுவிட்டது நான்தான்.