சம்பூர் நேரம் நாலு நாற்பது

2003 ஒக்டோபர் 28, செவ்வாய்க்கிழமைக்குரிய என் குறிப்பு இது: “உலக நேரம் 11.10. பெரிய வெடிப்பு. பின்னால் வந்த படங்களில் சூரியனைச் சுற்றி முழு வளையம். எங்கள் நேரம் பி.ப. 5.10. சம்பூரில் றேடியோ நின்றது (?)”

அந்தக் கேள்விக்குறிக்கு ஒரு கதை இருக்கிறது.

யுத்த நிறுத்த காலம். திருகோணமலை டவுனில் நெற் கஃபே வந்துவிட்டது. சூரியனையே பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு விண்கலத்தின் படங்களை வேலைக்குப் போகும் வழியில் அங்கே பார்ப்பேன். சூரிய வட்டத்தை ஒரு தகட்டால் மறைத்துவிட்டு, அதன் ஓரத்தில் கிளம்புவதை அது படம் பிடிக்கும். ஒவ்வொரு வெடிப்புக்கும் திகதி, நேரம், எந்தப் பக்கம் என்று எழுதி வைப்பது என் பழக்கம். புதன் காலை படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். வெடிப்பில் பறந்து வந்த துகள்கள் கமராவிலேயே மோதியிருந்தன.

இதை யாருக்காவது சொல்லாமல் இருக்க ஏலவில்லை. பக்கத்துக் கடையில் றேடியோ திருத்தும் கிண்ணியாக்கார முஸ்லிம் நானாவிடம் ஓடினேன். அங்கே குடாவுக்கு அக்கரையிலுள்ள சம்பூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்த ஒருவர் றேடியோவை மேசையில் வைத்துவிட்டுச் சத்தம் போட்டுக்கொண்டு நின்றார்.

“திங்கட்கிழமை திருத்தித் தந்தனீங்கள் நானா, செவ்வாய் பின்னேரம் செத்துப்போட்டுது. ஊரில எல்லாருக்கும் சொல்லுறன் பாருங்கோ.”

பாதை திறந்த பிறகுதான் சம்பூர் ஆட்கள் அந்தக் கடைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். இவர் சொன்னால் ஒருவரும் வரமாட்டார்கள். கடைக்காரர் பற்றரிப் பெட்டியைத் திறக்காமல் கரண்ட் கொடுத்தார். றேடியோ கணீரென்று பாடியது.

“இந்தா பாடுது! நோன்பு பிடிச்சிட்டு நான் பொய் சொல்லுவேனா?”

“இப்ப பாடும். நேற்று ஏன் பாடேல்லை?”

நான் புகுந்தேன். “சூரியன் வெடிச்சது. அப்பிடி வெடிச்சால் பகல் உள்ள இடமெல்லாம் சிற்றலை றேடியோ படுத்திடும்.”

“எத்தினை மணிக்கு வெடிச்சது?”

“பின்னேரம் அஞ்சு பத்து.”

“என்ர றேடியோ நாலு நாற்பதுக்கு நிண்டது. சூரியன் வெடிக்கப்போகுதெண்டு அதுக்கு முதலே தெரியுமோ?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கடைக்காரரின் முகம் விழுந்துவிட்டது. என் கணக்கைத் திரும்பப் பார்த்தேன். உலக நேரத்தோடு ஆறு மணித்தியாலம் கூட்டியது சரிதான்.

வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஒன்பது மணியாச்சு. கெதியாச் சொல்லுங்கோ.”

சுவர் மணிக்கூட்டில் ஒன்பதரை.

கடைக்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார். “அண்ணன், நீங்க பழைய நேரம்! சூரியன்ட நேரத்துக்கும் உங்கட நேரத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல!”

அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்தள்ளி ஏழு வருடமாகியும் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த சம்பூர் போன்ற பகுதிகள் அதை ஏற்கவில்லை. டவுனில் ஐந்து பத்து என்றால் சம்பூரில் நாலு நாற்பது. வந்தவர் கைக்கடிகாரத்தைச் சுவர் மணிக்கூட்டோடு ஒத்துப் பார்த்தார். பிறகு தானும் சிரித்து, றேடியோவைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “சூரியன் கெடுத்ததெண்டு சொல்லுறன்” என்று போனார். அடுத்த கிழமை அவர் சொல்லி இரண்டு பேர் பழுதான றேடியோக்களோடு வந்தார்கள்.

சில மாதம் கழித்து அந்தச் சம்பூர்க்காரரின் மனைவியைக் கடையில் கண்டேன். சூரியக் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: “யுத்தத் தடையால பற்றரி கிடைக்காத காலத்துப் பழக்கம் தம்பி, அவர் இன்னும் விடேல்லை. பழசை வெயிலில காயவைச்சுத்தான் போடுவார். பின்னேரம் வரைக்கும் பாடும்.”

எப்படிப் பார்த்தாலும் சூரியனின் வேலைதான் என்றார் கடைக்காரர். நான் கேள்விக்குறியை அழிக்கவில்லை. அன்று அந்த றேடியோவுக்குள் கிடந்தவை புதுப் பற்றரிகளா, வெயிலில் காய்ந்தவையா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.