நான்கு மடங்குக் கண்ணாடி

எழுபதுகளின் தொடக்கத்தில் இராயபுரத்து மருத்துவமனை ஒன்றில் நான் உதவி அறுவை மருத்துவனாக இருந்தேன். துறைமுகத்திற்கு வந்த கப்பலொன்றின் மருத்துவர், எங்கள் தலைமை மருத்துவருக்குப் பழைய நண்பர். இரண்டு உருப்பெருக்கிக் கண்ணாடிகளை அவரிடம் கொடுத்துச் சென்றார். மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் இரு சிறு குழல்களைப் பொருத்தினாற்போல் இருந்தன அவை. ஒன்று இரு மடங்கு பெருக்கிக் காட்டும்; மற்றொன்று நான்கு மடங்கு.

"ரெண்டு பேரும் போட்டுப் பாத்து ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. வெள்ளிக்கிழமை கை கேஸ் ஒண்ணு இருக்கு. எனக்கு எதிர்ல ஒருத்தர் நிக்கத்தான் இடம். யாருக்குக் கண்ணு பழகுதோ அவங்க வாங்க" என்றார் தலைமை மருத்துவர், என்னிடமும் இன்னோர் உதவி மருத்துவரிடமும்.

அந்த இன்னொருவர் என்னினும் ஓராண்டு இளைய பெண் மருத்துவர். துறைமுகத்துப் பாரந்தூக்கி ஓட்டுநரின் மகள். மாதா கோயிலை ஒட்டிய தெருவில் பிறந்து வளர்ந்தவர். நோயாளியிடம் நான், "வலி மிகுதியாக உள்ளதா?" என்று வினவினால், அவன் என்னைத் தாண்டி அவரைப் பார்த்து, "இன்னாம்மா சொல்றாரு அவுரு?" என்பான். அவர் சிரித்துக்கொண்டே, "ரொம்ப நோவுதான்னு கேக்கறாருய்யா" என்பார். அந்தச் சிரிப்பில் ஏளனம் இல்லை என்பதை அறிவேன். அறிந்தும் என் நெஞ்சு எரிந்தது.

கண்ணாடிகளை முதலில் எடுத்துப் பார்க்கும் உரிமையை, மூத்தவன் என்று சொல்லி நானே எடுத்துக்கொண்டேன். மருத்துவர் அறையில் அமர்ந்து, மருந்துப் புட்டியின் அடியில் அச்சிட்டிருந்த பொடி எழுத்துகளைப் படித்தேன். இரு மடங்கில் தெளிவாகத் தெரிந்தன. நான்கு மடங்கிலோ எழுத்தின் ஓரத்து மைக்கசிவும் தெரிந்தது. வேறென்ன வேண்டும்?

"நாலு வேணாம் சார்" என்றார் அவர். "பெருசாத் தெரியுது, ஆனா கொஞ்சந்தான் தெரியுது. தலை சுத்துது. எனக்கு ரெண்டே போதும்."

என்னையும் தயங்க வைத்து, சிறந்ததை என்னிடமிருந்து தட்டிப் பறிக்கவே இப்படிப் பேசுகிறார் என்று முடிவு கட்டினேன். வியாழனன்று தலைமை மருத்துவர், "யாருக்குப் பழகிச்சு?" என்று கேட்டபோது, அந்தப் பெண் மருத்துவர் வாய் திறப்பதற்குள், "எனக்கு" என்றேன்.

வெள்ளியன்று மேசையில் கிடந்தது ஒரு சுமைத் தொழிலாளியின் வலக்கை. இரும்புக் கயிறு அறுத்து, விரல்களை மடக்கும் தசைநாண்கள் இரண்டு துண்டாகியிருந்தன. குழல்களின் வழியே எனக்குத் தெரிந்தது நாலணா அளவு வட்டம் மட்டுமே. ஊசி விரற்கடை நகர்ந்தாலும் மறைந்தது. நான் மூச்சு விட்டாலும் படம் ஆடியது. வட்டத்துக்கு வெளியே குருதி ஊறியதைக் கண்டேனில்லை. தலைமை மருத்துவர் நூலை நறுக்கச் சொன்னார், நறுக்கினேன்.

"முடிச்சையே வெட்டிட்டீங்க" என்றார் அவர், தலை நிமிராமல். பிறகு செவிலியிடம், "அவங்களக் கூப்பிடுங்க."

அவர் கை கழுவி வந்து என் இடத்தில் நின்றார். நான் சுவரோரம் ஒதுங்கினேன். அவிழ்ந்த தையல் மீண்டும் போடப்பட்டது. தலைமை மருத்துவர் கேட்கும் முன்பே குருதியைத் துடைத்தார். சொல்லும் முன்பே, வேண்டிய அளவு விட்டு நறுக்கினார். அந்த விரல்கள் ஒருமுறையேனும் நடுங்காதா என்று விரும்பினேன். ஒருவனுடைய பிழைப்பு அந்த மேசைமேல் விரிந்து கிடக்கையில் அப்படி விரும்பினேன். இதை நான் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

சில வாரங்கள் கழித்து அத்தொழிலாளி வந்து விரல்களை மடக்கிக் காட்டினான். "பாரும்மா, பீடி புடிக்கிறேன்!"

"பீடி புடிக்கவாய்யா அவ்ளோ நேரம் நின்னு தெச்சோம்?"

அவன் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "இந்த சாரும் அப்போ இருந்தாராம்மா?"

"இருந்தாரு" என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்று மாலை, தன்மானத்தை விழுங்கிக்கொண்டு, கண்ணாடியை எவ்வாறு தேர்ந்தெடுத்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"ஆட்டுக்கால் சார். புளியந்தோப்புல வாங்கிட்டு வந்து, மேசை உயரத்துல வெச்சு, நின்னுகிட்டே நரம்பைத் தெச்சுப் பாத்தேன். நாலுல நூல் தெரியுது, கை தெரியல." சற்று நிறுத்தி, தம் கண்ணாடியை எடுத்து நீட்டினார். "நீங்களும் இதுல பழகுங்க சார். அடுத்த கேஸ்ல நீங்க நில்லுங்க."

மறுநாட் காலை புளியந்தோப்பில் கறிக்கடைக்காரர் ஒருவர் முன் நின்று, "ஆட்டுக்கால் நான்கு வேண்டும்" என்றேன்.

"சூப்புக்கா சார்?"

"இல்லை. தைத்துப் பழகுவதற்கு."

அவர் முகம் மலர்ந்தது. "அட, நம்ம டாக்டரம்மா அனுப்சாங்களா? மொதல்லயே சொல்லக் கூடாதா? இரு சார்." கையில் எடுத்திருந்ததை ஒதுக்கிவிட்டு, உள்ளே போய் வேறு நான்கு கால்கள் கொண்டுவந்தார். "அவங்களுக்குன்னா நரம்பு அறுபடாம பாத்து வெட்டுவேன்."

நான் மறுத்துரைக்கவில்லை. அந்த டாக்டரம்மாவின் பெயரால் கிடைத்த கால்களைத்தான் அன்று தைத்துப் பழகினேன்.