எல்லோருக்கும் ஓம் சொன்ன அப்பா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் அநேகருக்கு, கேட்டதற்குச் சம்மதமாக, அப்பா ஒருமுறையாவது ஓம் சொல்லியிருப்பார்.

அப்பா கரவெட்டியில் பிறந்தவர். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்த பெற்றோருடன் சிறுவயதிலேயே இரணைமடுப் பக்கம் வந்தார். நெல் விதைத்தார், பின்னர் அரிசி ஆலை போட்டார். வசதி வந்ததும் ஊர் அவரைத் தேடி வந்தது. சனசமூக நிலையமோ, கோயிலோ, பாடசாலைச் சங்கமோ, அப்பாதான் தலைவர். தலைவரென்றால் மண்டபத்துக் கூரைச் செலவும் அவர் தலையில்தான். வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நடந்து போகும் அடியார்களுக்குத் தண்ணீர்ப்பந்தல் வைத்ததும் அவரே.

நான் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பிப்பவள். உரோமரின் மாகாண நகரங்களில் செல்வந்தரைப் பதவியில் இருத்துவார்கள். அவர் தம் செலவில் குளியல் மண்டபம் கட்டவேண்டும், விழா எடுக்கவேண்டும். ஊர் அவர் பெயரைக் கல்லில் வெட்டும். பிற்காலத்தில், வேண்டாமென்று விலகவும் சட்டம் விடவில்லை. இதை ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன். அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"எங்கட சங்கத்து ஆக்கள் அங்கயும் இருந்திருக்கினம், பிள்ளை."

"உங்களுக்குச் சட்டமும் தேவையில்லையே" என்றார் அம்மா.

போரில் எல்லாவற்றையும் விட்டு ஓடினோம். திரும்பியபோது ஆலையின் சுவர்கள்தான் நின்றன. சங்க மண்டபத்தில் பதித்திருந்த, அப்பாவின் பெயர் வெட்டிய கல், மண்டபத்தோடு போயிருந்தது. ஆலையைத் திருத்தி முடிக்குமுன்பே புதிய மண்டபத்துக்குத் தலைவர் கேட்டு வந்தார்கள். அப்பா ஓம் என்றார்.

சென்ற ஆண்டு பாரிசவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போயின. மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். நோகுதோ என்றாலும் ஓம், நோகேல்லையோ என்றாலும் ஓம். சங்கத்தார் கட்டிலருகே வந்து பொன்னாடை போர்த்தி, "ஐயா, இந்த முறையும் நீங்கள்தான் தலைவரா இருக்கவேணும்" என்றார்கள்.

"ஓம்."

அவர்கள் மகிழ்ந்து போனார்கள். அப்பாவின் இடக்கை அந்தப் பொன்னாடையைத் தள்ளிக்கொண்டே இருந்தது. வெக்கையோ, வெறுப்போ, எனக்குத் தெரியவில்லை. பக்கத்திலேயே இருந்தும் தெரியவில்லை என்பதுதான் பெரிய வேதனை.

நிலை மோசமானபோது, கொழும்புக்குக் கொண்டுபோனால் பார்க்கலாம் என்றார் வைத்தியர். உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை.

"அப்பா, கொழும்புக்குப் போவமோ?"

"ஓம்."

கனடாவிலிருந்து தம்பி தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தான். "அப்பாவே ஓமெண்டுறார். கொண்டு போங்கோ, அக்கா."

கொண்டு போனோம். தெரிந்த முகம் நான் ஒருத்திதான் என்றிருந்த ஆசுபத்திரி வாட்டில் அப்பா கண்மூடினார்.

அம்புலன்சில் கூட வந்து சேர்த்துவிட்டுத் திரும்பிய அயலவர்கள், அப்பாவை ஊருக்குக் கொண்டுவர அலைந்தவர்கள், அம்மாவைத் தனியே விடாமல் இருந்த உறவுகள், எல்லோரையும் கும்பிட்டு நன்றி சொல்கிறோம். மண்டபத்தில் மீண்டும் அப்பாவின் பெயரில் கல் வைக்கக் கேட்டிருக்கிறார்கள். நாங்களும் ஓம் என்றிருக்கிறோம்.

அன்று அம்புலன்ஸ் வாசலுக்கு வருமுன் அப்பாவிடம் இன்னொன்றும் கேட்டேன்.

"அப்பா, வீட்டிலயே இருப்பமோ?"

அதற்கும் ஓம் என்றார்.

மகள்