ஆறாவது பிரதி

அறங்கள் பலவற்றுள்ளும் நடுவு நிலைமை அரியது. கற்றறிந்தோர் அவையில் அது இன்னும் அரியது. பூச்சியை ஆராய்பவர் புராணத்தை ஆராய்பவரைக் கண்டால் மெல்லப் புன்னகைப்பார். அவரும் அதே புன்னகையைக் குறைவின்றித் திருப்பித் தருவார். இவ்வறம் பழுதின்றி நிலைபெற்ற ஓரிடத்தைக் காட்டுக என்றால், உத்தமபாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் புத்தகம் கட்டும் அமானுல்லாவின் கடையைத்தான் காட்ட வேண்டும்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக இப்பள்ளத்தாக்கின் ஆராய்ச்சிகளெல்லாம் அவர் கைவழியேதான் உலகுக்குச் செல்கின்றன. மேகமலை விட்டிற்பூச்சியின் இறகுப் புள்ளிகள், தேவாரத்துக்கு ஏலக்காய் இறங்கிய பழைய பாதைகள், மலைமாட்டுக் கொம்பின் வளைவு, கம்பத்து நிக்காஹ் வீட்டுப் பாடல்கள், அலைபேசி வந்தபின் மாமியார் மருமகள் உறவில் விளைந்த மாற்றம் யாவும் அவருக்கு ஒன்றே. எல்லாவற்றுக்கும் அதே பசை, அதே நூல், அதே அரக்குநிற ரெக்சின், அதே பொன்னெழுத்து. ஆளுக்கு ஐந்து பிரதிகள்.

பசை காயும்வரை அவர் ஆய்வேடுகளைப் படிப்பார். எழுதியவரே முழுதும் படித்தாரா என ஐயுறத்தக்க ஏடுகளையும் நன்றியுரை முதல் பின்னிணைப்பு வரை விடமாட்டார். "ஊருக்கெல்லாம் பட்டம் கட்டிக் குடுத்தாச்சு. ஒருத்தராச்சும் ஒங்களுக்கு ஒண்ணு குடுத்தாகளா?" என்பாள் மனைவி கைருன்னிசா. "எனக்கெதுக்கு? பட்டம் வாங்குனா படிக்கிறது நின்னு போகும்" என்பார் அவர்.

அவர் கடையில் தாள் மடிக்க வாரம் மூன்று நாள் வருபவள் சுப்புத்தாய். சின்னமனூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய தெருவில் அவள் வீடு. அறுவடைப் பருவத்தில் மற்ற நாள்களில் திராட்சைக் கொத்து வெட்டப் போவாள். ஓராண்டாக அவள் விரல்களில் தோல் உரிந்து வெடித்தது. அவளுக்கு மட்டுமன்று, தெருவில் பாதிப் பெண்களுக்கு. அறுவடைக்கு ஒரு மாதமே இருந்தது. கத்தரி பிடிக்க விரல் மடங்காவிடில் அந்தப் பருவத்து வேலை அவளுக்கு இல்லை.

அத்தெருவுக்குச் சமூகவியல் ஆய்வாளர் தேவயானி வந்து வீட்டுக்கு நாற்பத்திரண்டு வினாக்கள் கேட்டுச் சென்றிருந்தாள். அத்தனைக்கும் விடை சொன்ன சுப்புத்தாய் ஒரே ஒரு வினாவைத் திருப்பிக் கேட்டாள்: "இது எதனால வருது தாயி?" ஆய்வு முடிவில் தெரியும் என்றாள் தேவயானி. ஆகவே அந்த ஆய்வேடு கட்டுவதற்கு வந்த அன்று, சுப்புத்தாய் மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"பாய், முடிவ வாசிங்க."

அமானுல்லா வாசித்தார். "இப்பெண்களிடம் காணப்படும் தோல் பாதிப்புக்கு உடல்தூய்மை குறித்த விழிப்புணர்வின்மையே அடிப்படை எனக் கருத இடமுண்டு."

"அப்பிடின்னா?"

"ஒழுங்காக் குளிக்கலைங்கிறாக."

"நல்லாருக்கே. அந்தப் புள்ள கை கழுவக் கெணத்துல தண்ணி எறச்சு ஊத்துனதே நாந்தான்."

அதே காலையில் இனியன் என்னும் வேதியியல் மாணவனின் ஆய்வேடும் வந்து சேர்ந்தது. அதன் நிழற்படத்தைப் பார்த்தபோது அமானுல்லாவின் கை நின்றது. ஒரு கிணறு. கிணற்று மேட்டில் நீல நிற டிரம்; அதில் வெள்ளைப் பெயிண்டில் 'செ.பா.' என்ற எழுத்துகள். கீழே, 'நீர் மாதிரி எடுத்த இடம் 7.' தேவயானியின் ஏட்டைப் புரட்டினார். அதே கிணறு, அதே டிரம், அருகே குடங்களோடு பெண்கள். கீழே, 'மகளிர் கூடுமிடம்.' இனியனின் அட்டவணையோ, ஏழாம் இடத்து நீரில் மயில்துத்தத்தின் செம்பு அனுமதித்த அளவைப்போல் மூன்று மடங்கு இருப்பதாகச் சொன்னது. கொடிக்கு அடிக்கும் மருந்து அது.

ஆய்வாளர் இருவரும் அப்போது கடைக்கு வெளியே கிடந்த ஒரே பெஞ்சில், ஒருவர் முகம் ஒருவர் பாராமல், ஒரு மணி நேரமாக அமர்ந்திருந்தனர்.

"தேவயானிம்மா, ஒங்க கெணறும் இந்தத் தம்பி கெணறும் ஒண்ணுதான். தண்ணியில மருந்து கலந்திருக்கு."

"இருக்கலாம் பாய். ஆனா தண்ணி என் ஆய்வெல்லைக்குள்ள வராது."

"எனக்குத் தண்ணி மட்டுந்தான் பாய். மனுசங்க வரமாட்டாக" என்றான் இனியன்.

"கெணத்துக்கும் மனுசருக்கும் நடுவுல ஒரு வாளி போகுதே, அது யாரு எல்லை?"

"அது எதிர்கால ஆய்வுக்கு உரியது" என்றனர் இருவரும். ஒரே குரலில் அவர்கள் உடன்பட்டது அது ஒன்றுதான். அச்சில் மிஞ்சிய தாள்களைத் தருவீர்களா என அமானுல்லா கேட்டார். பொட்டலம் மடித்துக்கொள்ளட்டும் என்று இருவரும் தாராளமாகத் தந்தனர்.

அன்று மாலையே சுப்புத்தாய் தோட்டத்து உரிமையாளர் செல்லப்பாண்டியிடம் போனாள். 'செ.பா.' அவர்தான். கொடுமனத்தார் அல்லர், மருந்து கலக்கிய டிரம்மைக் கழுவக் கிணற்றடி வசதியாக இருந்தது, அவ்வளவே.

"போன வருசம் ரெண்டு பேரு வந்து அம்புட்டுக் கேள்வி கேட்டாக. டிரம்மு எத்தன லிட்டருன்னுகூடக் கேட்டாக. இங்கன கழுவாதீகன்னு ஒருத்தரும் சொல்லலையே. நீ சொல்லி நான் கேக்கவா? புஸ்தகத்துல இருந்தாக் காட்டு" என்றார் அவர்.

புத்தகத்தில் இருந்தது; ஆனால் இரண்டு புத்தகங்களில் பாதிப் பாதியாக இருந்தது. ஒன்றில் கை உண்டு, செம்பு இல்லை. மற்றொன்றில் செம்பு உண்டு, கை இல்லை.

அமானுல்லா இரண்டு நாள் யோசித்தார். ஒருவர் ஏட்டோடு மற்றொருவர் ஏட்டைச் சேர்த்துக் கட்டுவது அவர் தொழிலில் பெரும்பிழை. கல்லூரிப் பேராசிரியர்கள் செவிக்கு எட்டினால் அதன்பின் ஒரு தாளும் அவர் கடைப்படி ஏறாது. மூன்றாம் நாள் சுப்புத்தாய் மடித்த தாளின் ஓரத்தில் இரத்தக்கறை கண்டார். அந்தத் தாளை மாற்றி வைத்தார். பிறகு மிச்சத் தாள்களை எடுத்தார்.

இடப்பக்கம் பெண்களின் கை, வலப்பக்கம் நீரின் கணக்கு. இடப்பக்கம் மகளிர் கூடுமிடம், வலப்பக்கம் ஏழாம் இடம். அரக்குநிற ரெக்சின் போர்த்தி, 'செல்லப்பாண்டி தோட்டத்துக் கிணறு' என்று பொன்னெழுத்தில் பொறித்தார். ஆசிரியர் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டார். ஐந்து பிரதிகளுக்கு மேல் அவர் கட்டிய முதல் ஆறாவது பிரதி அது.

அமானுல்லா நேரில் கொண்டுபோய்த் தந்த நூலில் செல்லப்பாண்டி தம் பெயரைத் தடவிப் பார்த்தார். படத்தில் கண் நின்றது.

"இது நம்ம டிரம்முல்ல?"

"ஆமா. ரெண்டு ஏட்டுலயும் வந்திருக்கு."

"வாசிங்க பாய்."

அமானுல்லா வாசித்தார். அட்டவணை வந்தபோது, "இந்த நம்பரு நல்லதா கெட்டதா?" என்றார் செல்லப்பாண்டி. கெட்டது என்றார் அமானுல்லா. செல்லப்பாண்டி ஆளைக் கூப்பிட்டு, டிரம்மைத் தோட்டத்தின் கடைக்கோடிக்கு உருட்டச் சொன்னார். கிணற்றையும் இறைக்கச் சொன்னார். செம்பு அவரைச் சுட்டதா, பொன்னெழுத்து குளிர்வித்ததா என்பதை யாரும் ஆராயவில்லை. "புஸ்தகத்துல ஏறுன டிரம்மு. கண்ட எடத்துல கெடக்கலாமா?" என்று மட்டும் சொன்னார். நூல் அவர் வீட்டுக் கண்ணாடி பீரோவில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் அமர்ந்தது.

சுப்புத்தாய்க்கு அறுவடையின் முதல் பத்து நாள் போயிற்று. பதினொன்றாம் நாள் கத்தரி பிடித்தாள்.

ஆய்வாளர் இருவருக்கும் முறைப்படி பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு வினோத்ராஜ் என்றொருவர் புதிய ஏட்டோடு வந்தார். அதே தெருவில் தோல் நோய் பெரிதும் தணிந்துவிட்டதாம். ஆளுக்கொரு சோப்பு தந்து ஒரு முற்பகலில் நடத்திய விழிப்புணர்வு முகாமே அதற்குக் காரணமாம்.

"முகாமா? அன்னிக்கு நாங்கெல்லாம் தோட்டத்துல இருந்தோமே" என்றாள் சுப்புத்தாய், தாளை மடித்துக்கொண்டே.

அமானுல்லா அதையும் பின்னிணைப்பு வரை படித்தார். அதே பசை, அதே நூல், அதே பொன்னெழுத்தில் ஐந்து பிரதிகள் கட்டித் தந்தார். பணிவோடு ஒன்று மட்டும் கேட்டார்: "மிஞ்சுன தாளு இருந்தாக் குடுங்க." மேசைக்கடியில் இப்போது அத்தகைய கட்டுகள் முழங்கால் உயரம் இருக்கின்றன.

அவர் கைப்பசை உலராதிருப்பதாக. கைருன்னிசாவின் அடுப்பங்கரையில் என்றும் மணம் குன்றாதிருப்பதாக. அவர் பிள்ளைகள் பிறர் எல்லைக்குள்ளும் எட்டிப் பார்க்கும் கண்ணோடு வளர்வாராக. அவ்வீட்டுக் கிணற்றில் இறங்கும் வாளி தெளிந்த நீரோடே மேலெழ, அளவற்ற அருளாளன் அருள் புரிவானாக.