கடலைச்சரை சுற்றிய ஜெசிந்தா

வியாழக்கிழமை காலை கைப்பேசியில் ஜெசிந்தாவின் பெயரைக் கண்டதும் வழக்கம்போல எரிச்சலோடுதான் எடுத்தேன். வியாழன் அவர் அழைக்கும் நாள். இந்த வாரம் எங்கே போகிறார் என்று சொல்வார், நீரும் வாரும் என்பார், நான் மாட்டேன் என்பேன், சிரித்துக்கொண்டே வைத்துவிடுவார். "இந்தக் கிழமை எங்க அலையப் போறீர்?" என்று கேட்டேன். "அண்ணே, நான் மெர்சி. அக்கா விடிய எழும்பேல்ல" என்றார் அவருடைய தங்கை. வெள்ளவத்தையில் என் வீட்டுக்குக் கீழே மீன்காரர் கூவிக்கொண்டு போனார். அந்த மனிதர் மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்.

ஜெசிந்தாவைத் தெரிந்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். தெரியாதவர் யாரும் இருந்தால், அவர் கொட்டாஞ்சேனைக்காரி, கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் என் பக்கத்து மேசை. சனிக்கிழமை காலை தவறாமல் வாட்ஸ்அப்பில் 'கடலைச்சரை' என்று ஒன்றை அனுப்புவார். அந்த வாரம் இணையத்தில் எது ஓடியது, எதை வாசிக்கலாம், கொழும்புக்குள் எங்கே போய் வரலாம், எந்தக் கடையில் என்ன உடுப்பு நல்லது, அவ்வளவுதான். ஏன் இந்தப் பெயர் என்று கேட்டதற்கு, "காலிமுகத்திடல்ல கடலை திண்டு முடிச்ச பிறகு, சரையை விரிச்சு அந்தக் கடதாசியில என்ன கிடக்கெண்டு வாசிக்காத ஒரு ஆளைக் காட்டும் பாப்பம்" என்றார். எழுத்துப்பிழை பார்ப்பது என் வேலை. அதற்கு மேல் நான் கதிரையை விட்டு அசைந்ததில்லை. எனக்கு வெயிலும் ஆகாது, படியும் ஆகாது, பஸ்ஸில் இடிபடுவது அறவே ஆகாது.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. "கால் போகாத இடத்துக்கு எழுத்துப் போகக் கூடாது." கடலைச்சரையில் அவர் வாசிக்காத புத்தகம் இல்லை, போகாத இடம் இல்லை, உடுத்தாத உடுப்பும் இல்லை. காலி வீதிக் கடையொன்றில் ஒரு நீலக் குர்தாவைப் படம் பிடித்துப் போட்டால் போதாதா? போதாது. அதை வாங்கி, மத்தியான வெயிலில் தெமட்டகொடை பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்து, வியர்க்க விட்டு, தோய்த்து, மறுபடி உடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். கழுத்து முழுக்க நீலம். மேலாளர் வாயைத் திறந்தவர் மூடவில்லை. அந்தச் சனிக்கிழமை அவர் எழுதியது: "நிறம் அழகு. இப்போது என் கழுத்திலும் அழகாக இருக்கிறது. வேண்டாம்." சிரித்துச் சிரித்து என் மனைவிக்குப் புரையேறிவிட்டது.

கிராண்ட்பாஸ் ராணியம்மாவை உங்களுக்கு நினைவிருக்கும். ஓட்டோக்காரரோடு சண்டை பிடித்த வேகத்தில் மீன்பையை ஓட்டோவுக்குள்ளேயே விட்டுவிட்டு, "என்ட பாரை! என்ட பாரை!" என்று வீதியில் பின்னால் ஓடினாரே, அவர்தான். யாரோ அதை வீடியோ எடுத்துவிட, ஒரு வாரம் நாடே சிரித்தது. அதற்குப் பாட்டுப் போட்டார்கள், டீ-சேர்ட்டில் கூட அச்சடித்தார்கள். நம் வாசகர்களில் பாதிப்பேர் ஜெசிந்தாவுக்கு அதை அனுப்பி, 'போடுங்கோ, போடுங்கோ' என்று கேட்டார்கள். அவர் கிராண்ட்பாஸுக்குப் போனார். வீட்டைத் தேடிப் பிடித்தார். கதவு முகத்தில் அறைந்து சாத்தப்பட்டது. படியிலேயே உட்கார்ந்துகொண்டார். கடைசியில் ராணியம்மாவே கதவைத் திறந்து, "மழை வரப் போவுது, உள்ள வாங்க" என்றாராம். கடலைச்சரையில் நான்கே வரி வந்தது: "எல்லோரும் பார்த்த வீடியோவை நான் போடவில்லை. அதிலுள்ள அம்மாவோடு தேநீர் குடித்தேன். அன்று அவருடைய மகனுக்குப் பிறந்தநாள், மீன் அவனுக்கு வாங்கியது. அது திரும்பக் கிடைக்கவில்லை." அதன் பிறகு நம்மில் ஒருவரும் அந்த வீடியோவை அனுப்பவில்லை. டீ-சேர்ட் வாங்கியிருந்த ஒருவர், அந்த டீ-சேர்ட்டால்தான் இப்போது தரை துடைப்பதாக எழுதினார். நாலு வரியால் இவ்வளவு செய்யலாமா என்று நான் திகைத்துப்போய் இருந்தேன்.

பிழையும் விட்டிருக்கிறார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஹெவ்லொக் டவுனில் ஒரு சின்ன மண்டபத்தில் பழைய துறைமுகப் படங்களின் கண்காட்சி. செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை எல்லோரும் போங்கள் என்று எழுதினார். அந்தச் சனிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. மண்டபத்துக்குப் பூட்டு. சனிக்கிழமையில் போயா விழுந்தால் ஒரு லீவு வீணாய்ப் போச்சே என்று கொழும்பே அழும். அந்த வருடம் பார்த்து அது அவருக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. காலையில் தெரிந்ததும் திருத்தம் அனுப்பினார். "சரி, முடிஞ்சுது. படுத்துத் தூங்கும்" என்றேன். "எல்லாரும் போனைப் பாத்துக்கொண்டா வருவினம்? ஐசே, என்ட சொல்லை நம்பி ஒரு ஆள் அந்தப் பூட்டைப் பாக்கக் கூடாது" என்றார்.

திட்டுவதற்காகத்தான் பின்னேரம் அங்கே போனேன். என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். சாப்பிட்டிருக்கமாட்டாரே என்று மீன் அடைத்த இரண்டு மாலுபாணும் வாங்கிக்கொண்டேன். பூட்டிய கேற்றுக்கு முன்னால், கையில் குடையோடு ஜெசிந்தா நின்றார். காலையிலிருந்து நிற்கிறாராம். வந்த ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, திரும்பிப் போக மனமில்லாதவர்களுக்கு உள்ளே இருக்கும் படங்களை வாயாலேயே காட்டிக்கொண்டிருந்தார். "உள்ள போன உடனே இடப்பக்கம் ஒரு படம். ஒரு ஆள் கயிறு இழுக்கிறார். கப்பல் தெரியாது, கயிறு மட்டும்தான். ஆனா அவற்ற காலைப் பாத்தா கப்பல் எவ்வளவு பெரிசெண்டு விளங்கும்." நடைபாதையில் பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் பூட்டிய கதவில் இருந்தது. மாலுபாணைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கண்காட்சியை நேரில் பார்த்த ஒருவர், கேற்றடியில் கேட்டதுதான் நன்றாக இருந்தது என்றார்.

இனி, போன வாரம். வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டு முன்னறையில் பெட்டி வைத்திருந்தார்கள். மெர்சி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு ஜெசிந்தாவின் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். நாளைய கடலைச்சரை கிட்டத்தட்ட முடிந்திருந்தது. போய் வரும் இடத்துக்கு மட்டும் ஒரே வரி: "தெமட்டகொடை, ரயில் பாதைக்கு மேலான நடைபாலம். வெள்ளி பின்னேரம் போக வேண்டும்." வாசகர்கள் வேறு என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நாளைக்கு வருமா, வராதா என்று. அந்த வரியை வெட்டிவிட்டு அனுப்பலாமா என்றேன். மெர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அனுப்பாட்டி அக்கா கோவிப்பா. குறையா அனுப்பினாலும் கோவிப்பா. போகாம அனுப்பினா, அண்ணே, எழும்பி வந்து ஏசுவா." அவர் சொன்னது அத்தனையும் சரி. வெள்ளி பின்னேரத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. போவதற்கு என் கால்கள்தான் இருந்தன.

பஸ்ஸில் இடிபட்டுத்தான் போனேன். சனிக்கிழமை காலை நீங்கள் வாசித்த அந்தப் பந்தி என்னுடையது: "பின்னேரம் இந்தப் பாலத்தில் நின்றால் எஞ்சின்கள் கொட்டகைக்குத் திரும்புவதைப் பார்க்கலாம். பிள்ளைகளைக் கண்டால் ஒரு சாரதி ஹோர்ன் அடிக்கிறார். படிகள் செங்குத்து, முழங்கால் நோகும். ஜெசிந்தா போக இருந்த இடம். அவர் போகவில்லை. நான் போனேன்."

சனிக்கிழமை மத்தியானம் அவரை அடக்கம் செய்தோம். எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். நானும் ஓட்டோவில் ஏறி வெள்ளவத்தை என்றுதான் சொன்னேன். மருதானை வரும்போது பொறுக்கவில்லை. செத்தவீட்டு நாளில் யார் வரப்போகிறார்கள்? சரி, ஆனால் ஒருத்தர் வந்துவிட்டால்? ஓட்டோவைத் தெமட்டகொடைக்குத் திருப்பச் சொல்லி, பாலத்தில் ஏறி நின்றேன்.

வந்தார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு ஐந்தாறு பேர், பிறகு படி நிறைய. செத்தவீட்டுக்கு உடுத்த வெள்ளை உடுப்போடு, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே வந்திருந்தார்கள். பாலம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. கீழே எஞ்சின் வந்தபோது சாரதி எட்டிப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாரோ தெரியாது, நீளமாக ஹோர்ன் அடித்தார். அப்போதுதான் நான் அழுதேன். கோயிலில் அழவில்லை, குழியடியில் அழவில்லை.

ஜெசிந்தா உடுத்துப் பார்த்த உடுப்புகளை மெர்சி பங்கிட்டுக் கொடுத்தார். புத்தகங்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றேன். நான் வைத்துக்கொண்டது வேறொன்று. அன்றைக்குப் பாலத்துப் படியில் கடைசியாக மூச்சிரைக்க ஏறி வந்தவர் கிராண்ட்பாஸ் ராணியம்மா. மேலே வந்து நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டார்.

"நீங்கதானே எழுதினது? வந்து பாத்திட்டுத்தான் எழுதினீங்களா?"

"ஓம்" என்றேன். "வந்தனான்."