உத்தரவு வரும் வரை நடந்த அம்மா

எங்கள் அம்மா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. தலைத் திவசத்துக்கு வந்து, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். என்னை எழுதச் சொன்னதே ஆச்சரியம்தான். எனக்குச் சந்தேகப் புத்தி என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அச்சகத்தில் சொன்னபடி மலர்களை அடித்துக் கொடுத்தார்களா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கட்டுகளை வீட்டுக்குள் எடுத்து வைத்தேன்.

அம்மா ஜவ்வாது மலையில், நாலைந்து வீடுகள் மட்டுமே இருந்த ஒரு சிற்றூரில் பிறந்தார். சாமைக் கொல்லையில் வளர்ந்தார். பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. அப்பாவைக் கைப்பிடித்து எங்கள் ஊருக்கு வந்த பிறகு, மழை பொய்த்த வருஷங்களில் காட்டுக் கிழங்கு தோண்டி என்னையும் தங்கையையும் காப்பாற்றினார். எந்தக் குறையானாலும் காளியம்மனிடம் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். கோழி காணாமல் போனால் அம்மா அம்மனிடம் முறையிடுவார். நான் பக்கத்து வீடுகளில் குழம்பு வாசனை பிடிக்கப் போவேன்.

"அவகிட்ட சொல்லியாச்சி இல்ல, உடு. அவளுக்கு ஆயிரம் வேல. மெதுவாத்தான் பதில் சொல்லுவா" என்பார். கோழி பல தடவை வரவேயில்லை. அம்மா அதற்காக அம்மனைக் கோபித்துக்கொண்டதுமில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் அப்பாவுக்குக் கடுமையான வயிற்று வலி வந்தது. மறுநாளே வயிறு கல்லாக வீங்கிவிட்டது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார்கள் சிலர். அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, குறுக்கே நின்றார்.

"உத்தரவு இல்லாம சீக்காளிய மலை எறக்கக் கூடாது. மொதல்ல பூ கேளுங்க."

எங்கள் ஊர் வழக்கம் அது. அம்மன் சிலையின் தலையில் பூ வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் போகலாம். இடப்பக்கம் விழுந்தால் கூடாது. அம்மாவும் சம்மதித்தார். விடிந்ததும் பூசாரி பூ வைத்தார். வெயில் ஏறியது. பூ அசையவில்லை. அப்பா முனகுவது கோயில் வரைக்கும் கேட்டது.

என் கண் சித்தப்பா மேலேயே இருந்தது. அப்பாவுக்கு ஆண் பிள்ளை கிடையாது. அவர் போய்விட்டால் எங்கள் புளியமரங்கள் எல்லாம் சித்தப்பா கைக்குத்தான் போகும். பலாப்பிசின் தடவிப் பூவை ஒட்டிவிட்டாரோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன். பூசாரி என்னை விரட்டினார்.

உச்சி வெயிலில் அம்மா எழுந்தார்.

"கட்டில எடுங்க. போலாம்."

"உத்தரவு வரலியே அண்ணி" என்றார் சித்தப்பா.

"வாணான்னும் சொல்லலியே. அவ சொல்ற வரைக்கும் நடக்கறேன். பூ எடப்பக்கம் உழுந்தா ஒரு கொரல் குடுங்க. எங்க இருந்தாலும் திரும்பிடறேன்."

பிறகு அம்மன் முன்னால் குனிந்து, அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கும்படியே வேண்டினார்: "தாயே, இன்னிக்கு மட்டும் எனக்குப் பதில் சொல்லாத."

கயிற்றுக் கட்டிலில் மூங்கில் கட்டி நான்கு பேர் தூக்கினார்கள். ஆள் போதாமல் அதில் ஒருவராகப் பூசாரியே தோள் கொடுத்தார். பூவுக்குக் காவலாகச் சித்தப்பா மட்டும் கோயிலில் உட்கார்ந்தார். இவரை நம்பியா விட்டுவிட்டுப் போகிறோம் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே நடந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அம்மா நின்று மேலே காது கொடுத்துக் கேட்பார். முகம் வெளுத்திருக்கும். குரல் எதுவும் வராது. மறுபடி நடப்பார். அடிவாரத்தில் பஸ் ஏறும் வரை அப்படித்தான்.

அன்று மாலையே ஆபரேஷன் நடந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். அப்பாவோடு ஊர் திரும்பியபோது சித்தப்பா எதிரே வந்து, "பூ உழவே இல்ல அண்ணி. வாடிப்போயித்தான் எடுத்தேன்" என்றார். அம்மா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதார். அப்பா எங்கள் இருவர் கல்யாணத்தையும் முன்னின்று நடத்திவிட்டுத்தான் போனார். அம்மா படுக்கையில் விழுந்த கடைசி நாட்களிலும், "அன்னிக்கு அவ வாயத் தொறந்தாளா பாரு" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் போய்ச் சேர்ந்தார்.

என் சந்தேகம் மட்டும் போகவில்லை. அந்த நாளுக்குப் பிறகு சித்தப்பா கோயிலுக்குள் வருவதே இல்லை. திருவிழாவிலும் வாசலோடு நின்றுவிடுவார். பூவை ஒட்டினவர் எப்படி உள்ளே வருவார் என்று நான் என் தங்கையிடம் முணுமுணுப்பேன்.

அம்மாவின் கருமாதி அன்று அவரே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பூ உழுந்துச்சி பாப்பா. நீங்க ஊர் எல்லையத் தாண்டறதுக்குள்ள. எடப்பக்கம்."

"அப்ப பிசின் தடவலியா?" என்றேன்.

"நான் கத்தியிருந்தா உங்கம்மா திரும்பியிருப்பாங்க. சொன்ன சொல்லு தவற மாட்டாங்க. புளியமரமும் கண்ணுல வந்து நின்னுச்சி, பொய் சொல்ல மாட்டேன். பூவக் கையில வெச்சிக்கினு நின்னேன். அப்பறம் அம்மன் தலையிலயே திரும்ப வெச்சிட்டேன். அன்னியிலருந்து உள்ள போவ பயம். எப்போ கண்ணப் புடுங்குவாளோன்னு இருக்குது."

"ஏன் சித்தப்பா வெச்சீங்க?"

"பதில் சொல்லாதன்னு உங்கம்மா வேண்டுனாங்களே. அம்மன் காதுல உழுந்துச்சோ இல்லியோ, என் காதுல உழுந்துச்சி."

இதை மலரில் எழுதிவிடச் சொன்னதும் அவர்தான். எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன், இப்படி அழுததில்லை.

கட்டில் சுமந்த நால்வருக்கும், அம்மாவின் கடைசி நாட்களில் கஞ்சி ஊட்டிய பக்கத்து வீட்டாருக்கும், இன்று மலையேறி வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சித்தப்பாவுக்கு அச்சில் நன்றி சொன்னால் போதாது. இன்றைய பூசைக்கு அவர் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப் போகப் போகிறேன். அம்மன் ஏதாவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.