நடுக்கோடுதான் சரி

என் மகளிடம் ஒரு பொய் சொன்னேன். இன்றுவரை அதைத் திருத்தவில்லை.

அன்றைக்கு அந்த வகுப்பறையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சைக்காலஜி மிஸ். பதினோராம் வகுப்பில் அந்தப் பாடம் எடுத்த ஏழு பிள்ளைகள். எட்டாவதாக என் மகள் பவித்ரா. அப்புறம், அந்தப் பள்ளிக்கூடத்தின் அட்டெண்டரான நான்... வேறு யாரும் இல்லை.

நான் எட்டாவதோடு நின்றவள். அங்கே வேலை பார்த்ததால்தான் பவித்ராவுக்கு அந்த இங்கிலீஷ் மீடியத்தில் இடம் கிடைத்தது. வேலை போய்விட்டால் அவள் படிப்பும் போய்விடுமே! எந்த நேரமும் அந்தப் பயம்தான். ஒரு டீச்சர் முகத்தைச் சுளித்தால் போதும், அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது. பள்ளிக்கூடத்துக்குள் என்னை அம்மா என்று கூப்பிடக்கூடாது என்றுகூட அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். மற்றப் பிள்ளைகள் அவளைக் கேலி செய்துவிட்டால்? அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் எனக்காகக் கேட்டுக்கொண்டாள்.

சைக்காலஜிக்கு என்று தனி வகுப்பறை கிடையாது. பிரெஞ்சு வகுப்பு முடிந்த பிறகு அந்த அறையில் நடத்துவார்கள். அன்று கடல்காற்று பலமாக இருந்தது. கரும்பலகையில் மிஸ் மாட்டியிருந்த சார்ட் படபடவென்று அடித்துக்கொண்டது. தண்ணீர் வைக்கப் போன என்னை, அதன் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

சார்ட்டின் ஒரு பக்கத்தில் ஒற்றைக் கோடு. மறுபக்கத்தில் மூன்று கோடுகள். மூன்றில் எது அந்த ஒற்றைக் கோட்டின் அளவு? கேள்வி அவ்வளவுதான். நடுக்கோடுதான் சரி. பால்வாடிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

மிஸ் ஒவ்வொருவராகக் கேட்டார். முதல் பிள்ளை மூன்றாவது என்றது. அடுத்ததும் மூன்றாவது என்றது. ஏழு பேரும் அப்படியே சொன்னார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்த பவித்ரா எழுந்து, நடுக்கோடு என்றாள்.

நன்றாகப் பார்த்துச் சொல்லு என்றார் மிஸ். மறுபடியும் ஒரு சுற்று. மறுபடியும் ஏழு பேரும் மூன்றாவது. பவித்ராவின் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் நடுக்கோடு என்றுதான் சொன்னாள். நினைத்துப் பாருங்கள்... பதினாறு வயசுப் பெண்! கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் நிற்க, தன் கண்ணை நம்பித் தனியாக நின்றாள்.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நீ பக்கத்துல நிக்கிற. நீ சொல்லு, எது?"

அத்தனை பேர் முன்னால் என்னை அம்மா என்றாள். ஆமாம், நான்தான் பக்கத்தில் நின்றேன். எல்லாரையும்விடப் பக்கத்தில்! கோடுகள் என் முகத்துக்கு நேரே இருந்தன. நான் கோட்டைப் பார்க்கவில்லை. மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தேன். படித்தவர்கள் இத்தனை பேர் சொல்லும்போது எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இதில் இருக்குமோ? நான் ஏதாவது உளறி, வேலைக்கு வம்பு வந்துவிடுமோ?

"மூணாவது" என்றேன்.

பவித்ரா என்னையே பார்த்தாள். பிறகு அவளும் மூன்றாவது என்றாள். அவள் தோற்றது அந்த ஏழு பேரிடம் இல்லை. என்னிடம்!

எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். மிஸ் அவளைத் தட்டிக்கொடுத்து விளக்கினார். இது உலகம் முழுக்கத் தெரிந்த பழைய சோதனையாம். சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் தப்பாகச் சொன்னால், ஒருத்தர் தன் கண்ணால் கண்டதைச் சொல்வாரா மாட்டாரா என்று பார்ப்பதாம். பவித்ராவைச் சாக்பீஸ் எடுத்துவர ஆபீசுக்கு அனுப்பிவிட்டு, மற்ற ஏழு பேருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் அப்போது கீழே இருந்தேன். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அந்த ஏழு பேரும் சொன்னது சொல்லிக்கொடுத்த பொய். நான் சொன்னது...?

சாயந்திரம் வீட்டுக்குப் போகும் மூலக்குளம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பவித்ரா கேட்டாள்.

"உனக்கும் முன்னாடியே தெரியுமா?"

இல்லைடி, எனக்கும் தெரியாது, நானும் உன்னைப் போல ஏமாந்தவள்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாய் வார்த்தை! ஆனால் கண்ணெதிரே இருந்த கோட்டைச் சொல்லத் துணியாதவள் உன் அம்மா என்று எப்படிச் சொல்வது? படிக்காத அம்மா, அதோடு பயந்தாங்கொள்ளி என்றும் ஆகிவிடுமே! விவரமான அம்மாவாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று தோன்றியது.

மிஸ் எனக்கும் சொல்லியிருந்தார்கள் என்றேன். சிரிக்க வேறு செய்தேன்.

"நீயும் அவங்களோட சேந்துக்கினியா" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

முட்டாளாகத் தெரிவதைவிட, மகளை முட்டாளாக்கியவளாகத் தெரிவது மேல் என்று நினைத்திருக்கிறேனே... நான் எப்படிப்பட்ட தாய்? நீங்களே சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு அவள் என்னை எதுவும் கேட்டதில்லை. எந்தச் சுடிதார் எடுப்பு என்றுகூட. எந்தக் காலேஜ் என்று தானே முடிவு செய்துகொண்டாள். ஹாஸ்டலில் இருந்தபோது குடல்வால் ஆபரேஷன். தையல் பிரித்த பிறகுதான் எனக்குச் சொன்னாள். பெற்றவளிடம் மறைத்தாயே என்று அழுதேன். அவள் கோபப்படவில்லை.

"நீ சொல்றது நீயா சொல்றியா, யாராவது சொல்லிக்குடுத்து சொல்றியான்னு எனக்குத் தெரியலம்மா. அதான் கேக்கறதில்ல."

இப்போது அவள் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சைக்காலஜி டீச்சர். அதே பாடம்தான். அந்தக் கோட்டுச் சோதனையை நடத்தும்போதெல்லாம் தன் கதையையும் சொல்வாளாம். என் அம்மாவும் அதில் கூட்டு என்பாளாம். பிள்ளைகள் சிரிப்பார்களாம். என் பொய் ஒரு பாடமாகவே ஆகிவிட்டது... எத்தனை பிள்ளைகள் அதைக் கேட்டிருப்பார்கள்!

போன வாரம் போன் செய்தாள். ஒரு பிள்ளை எழுந்து, உங்க அம்மா எப்படி இதுக்கு ஒத்துக்கிட்டாங்க மிஸ் என்று கேட்டதாம். அதனால் என்னிடமே கேட்டாள்.

"நெஜமாவே மிஸ் உன்கிட்ட முன்னாடியே சொன்னாங்களாம்மா?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சொல்லலன்னாலும் பரவால்லம்மா. அப்ப நீயும் என்ன மாதிரிதான். அது எனக்குப் போதும்."

என் மகள் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்! நான் உள்ளே போயிருக்க வேண்டாமா? வாய் வரை வந்தது. ஆனால், அப்படியென்றால் இத்தனை வருஷம் ஏன் என்னைத் தவிக்கவிட்டாய் என்று அவள் கேட்பாளே... அதற்கு நான் எங்கே போவேன்? கோட்டுக்கு ஒரு முறை பயந்தேன். இப்போது அவளுக்குப் பயந்தேன்.

"மிஸ் சொன்னாங்க, செஞ்சேன்" என்றேன்.

 அந்தப் பக்கம் வகுப்பு மணி அடித்தது.

"மேல இருக்கறவங்க சொன்னா மனுஷங்க எதையும் செய்வாங்கன்னு ஒரு பாடம் இருக்கும்மா. அடுத்த வாரம் நடத்தணும்."

"நல்லா நடத்தும்மா" என்றேன்.